ஆட்டுக்குட்டித் தராசில் ஒரு பவர் பேங்க்

கடைக்காரன் எலாமான் நீட்டிய பவர் பேங்க்கை சைராகுல் வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பைக்குள் போட்டாள். பிறகு தோள்பையைத் துழாவி ஒரு கொக்கித் தராசை எடுத்தாள். பிறந்த ஆட்டுக்குட்டிகளை நிறுக்கிற தராசு அது. கொக்கியில் இன்னும் கொஞ்சம் கம்பளி மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. துணிப்பையை அதில் மாட்டி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, ஆடு மாடு விக்கிற எடம் ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றான் எலாமான். "இது கரண்டு சாமான் கடை."

எதிர்க்கடைக்காரர்கள் இரண்டு பேர் சத்தமாகச் சிரித்தார்கள். சைராகுல் சிரிக்கவில்லை. தராசின் சின்னத் திரையில் எண் ஆடி ஆடி நின்றது. முந்நூற்றுப் பத்து கிராம்.

"இதுமேல என்ன எழுதியிருக்கு, தம்பி?"

"அம்பதாயிரம் மில்லி ஆம்பியர். இந்த வரிசையிலேயே பெரிய சரக்கு இதுதான். போனுக்குப் போட்டா ரெண்டு வாரம் பிளக்கையே தேட வேணாம்."

"அம்பதாயிரம்னா ஒரு கிலோவுக்கு மேல இருக்கணும்ப்பா. இது என் செருப்பு எடைகூட இல்லையே."

"இப்பெல்லாம் புது டெக்னாலஜி அக்கா. எடையைக் கொறைச்சுட்டாங்க."

சைராகுல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பவர் பேங்க்கைத் திருப்பினாள். முன்பக்கத்தில் ஐம்பதாயிரம் என்ற எண் பொன்னிறத்தில் கட்டைவிரல் பருமனுக்குப் பளபளத்தது. பின்பக்கத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், முப்பத்தேழு வாட் அவர் என்றிருந்தது.

"பெரிய எழுத்தை எழுதினவன் பொய் சொல்லியிருக்கான். சின்ன எழுத்தை எழுதினவன் உண்மையைச் சொல்லியிருக்கான்" என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். "அம்பதாயிரத்தை செல்லோட வோல்ட்டு மூணு புள்ளி ஏழால பெருக்கி ஆயிரத்தால வகுத்துப் பாரு. நூத்தி எண்பத்தஞ்சு வரணும். இதுல முப்பத்தேழுதான் இருக்கு. அஞ்சுல ஒரு பங்கு."

எலாமானின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

இந்தக் கணக்கை அவள் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அவமானத்தில் கற்றுக்கொண்டாள்.

அத்பாஷி என்ற மலையூரில் அவள் பத்தொன்பது வருஷமாகக் கால்நடை வைத்தியர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் இரண்டு பசுக்களை விற்று, கையில் தூக்கிப் போகிற ஸ்கேன் மெஷின் ஒன்றை வாங்கினாள். பெட்டை ஆட்டின் அடிவயிற்றில் கருவியை வைத்து அழுத்தினால், சினையா இல்லையா, ஒரு குட்டியா இரண்டா என்று திரையில் தெரிந்துவிடும். மெஷினின் சொந்த பேட்டரி கடுங்குளிரில் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் வெளியிலிருந்துதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆடுகள் பனிக்காலத்தைக் கழிக்கிற அக்சாய் சமவெளியிலோ மின்கம்பமே கிடையாது.

போன ஜனவரியில், இதே மாதிரி தங்க எழுத்துப் போட்ட ஒரு பவர் பேங்க்கோடு, மாம்பெத்தலி என்பவரின் பனிக்காலக் கிடைக்குப் போனாள். அப்போது அவளுக்குக் கை பழகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு இருபது ஆட்டைப் பார்ப்பதே பெரிய காரியம். முப்பத்தெட்டு ஆடு முடிந்தது. முப்பத்தொன்பதாவதை இரண்டு ஆண்கள் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தபோது திரை அணைந்தது. பிறகு என்ன செய்தும் எரியவில்லை.

"என்ன தங்கச்சி, உன் டி.வி தூங்கிடுச்சா?" என்றார் மாம்பெத்தலி.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தச் சமவெளியில் 'முப்பத்தெட்டு' என்று பெயர். சந்தையில் வைத்துக்கூட, "முப்பத்தெட்டு வருது பாரு" என்று காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள்.

பெயரை அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறொன்று. பிப்ரவரியில் பனிப்புயல் ஒன்பது நாள் வீசியது. மாம்பெத்தலியிடம் இருந்த உலர்புல் எல்லா ஆட்டுக்கும் சமமாகப் போடப் போதவில்லை. நாற்பத்தாறு ஆடுகள் செத்தன. செத்தவற்றைத் திறந்து பார்த்தபோது பாதிக்குமேல் இரட்டைக்குட்டி சுமந்தவை. எதற்குக் கூடுதல் தீனி வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் சைராகுல் அந்தப் பவர் பேங்க்கைத் திருப்புளியால் நெம்பித் திறந்தாள். உள்ளே நான்கு செல்கள். மீதி இடத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டிய மணல்.

இந்த வருஷம் கோடையில் மழையே இல்லை. புல் போன வருஷத்தில் பாதி. அதனால்தான் டிசம்பர் நடுவில், எட்டு மணி நேரம் வண்டியில் குலுங்கி, தலைநகர் பிஷ்கேக்குக்கு வந்து, தராசும் கையுமாக நிற்கிறாள்.

எலாமான் அவ்வளவு எளிதில் விடுகிறவன் இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து இன்னொன்றை எடுத்தான். கறுப்பு நிறம், செங்கல் அளவு.

"எடை வேணும், அவ்வளவுதானே? இந்தாங்க எடை. தூக்கிப் பாருங்க, கை கழண்டு போயிடும்."

தராசு ஒரு கிலோ நூற்று எண்பது காட்டியது. பின்பக்கச் சின்ன எழுத்திலும் நூற்று எண்பத்தைந்து என்றே அச்சிட்டிருந்தது. அதற்குள் சந்துக்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எலாமான் அவர்களைப் பார்த்துக் கையை விரித்தான். "இப்ப என்ன சொல்றீங்க அக்கா?"

சைராகுல் தோள்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டினாள். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவள் பவர் பேங்க்கை மேசைமேல் நிறுத்தி, மாட்டின் விலாவில் வைப்பது போல ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள்.

"துடிக்குதா டாக்டர்? பொழைக்குமா?" என்றார் எதிர்க்கடைக்காரர்.

"நீங்களே கேளுங்க அண்ணே" என்று அவர் காதில் மாட்டிவிட்டாள்.

அவர் கேட்டார். புருவம் மேலே போனது. "யோவ், உள்ள மழை பெய்யுதுய்யா!"

"மழை இல்ல, மணல்" என்றாள் சைராகுல்.

இப்போது சிரிப்பு முழுவதும் எலாமான் பக்கம் திரும்பியது. ஆளாளுக்கு ஸ்டெதஸ்கோப்பைக் கேட்டார்கள். ஒருத்தர் போன வாரம் அவனிடம் வாங்கிய பவர் பேங்க்கைச் சட்டைப்பையிலிருந்தே எடுத்து, "என்னோடதையும் கொஞ்சம் பாருங்க அம்மா, ரொம்ப நாளா ஒடம்பு சரியில்ல" என்று நீட்டினார். எலாமானின் காது இரண்டும் சிவந்துவிட்டது.

"நான் என்ன பண்றது? எனக்கும் இப்படித்தான் அட்டைப்பெட்டியில வருது" என்று முனகினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெஜ சரக்கு வேணும்னா கடைசி வரிசையில கதீசா அக்காகிட்டப் போங்க. ஆனா அவங்க திட்டுவாங்க" என்றான்.

கதீசா உண்மையிலேயே திட்டினாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சீனாவிலிருந்து வந்து குடியேறிய துங்கான் இனத்துப் பெண்மணி. கண்டெய்னர் கடையின் வாசலில் மின்னடுப்பைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். சைராகுல் தராசை எடுத்ததுமே, "அதை உள்ள வை. என் சரக்கை எவளும் நிறுக்க வேணாம்" என்றாள்.

"நிறுக்காம வாங்க மாட்டேன் அக்கா. ஒரு தடவை ஏமாந்துட்டேன்."

"எதுக்கு உனக்கு அம்பதாயிரம்? அத்தனை போனா வச்சிருக்கே?"

சைராகுல் ஸ்கேன் மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆடுகள், அக்சாய், முப்பத்தெட்டு, நாற்பத்தாறு எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். சொல்லி முடிக்கும்போது கதீசா விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"இது எத்தனை வாட் குடிக்கும்?"

"பன்னெண்டு."

"எத்தனை மணி நேரம் வேணும்?"

"ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் வேலை. ரெண்டு நாள்."

கதீசா உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். "நூத்தி நாப்பத்தி நாலு. வழியில கொஞ்சம் சூடாப் போயிடும். நூத்தி எண்பத்தஞ்சு இருந்தாத்தான் கரை சேரும்." எழுந்து உள்ளே போய், சாம்பல் நிறத்தில், எந்த அலங்காரமும் இல்லாத ஒரு கட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். எண் காட்டும் திரை இல்லை, டார்ச் விளக்கு இல்லை. நான்கே நான்கு பச்சைப் புள்ளிகள்.

"எனக்கு ஒரு கிலோ எரநூத்தி நாப்பது கிராம்னு தெரியும். நீயும் நிறுத்துக்கோ, போ."

சைராகுல் நிறுத்தாள். ஒரு கிலோ இருநூற்று நாற்பது. ஸ்டெதஸ்கோப் வைத்தாள். கல்லில் வைத்தது போல நிசப்தம்.

"திருப்தியா? இன்னும் இல்ல, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது." கதீசா இழுப்பறையிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை எடுத்தாள். அதன் மூடி திறந்திருந்தது. "எந்தச் சரக்கு வந்தாலும் ஒண்ணை ஒடைச்சுப் பாத்துட்டுத்தான் விப்பேன். எண்ணிக்கோ."

உள்ளே செல்கள் அட்டையில் அடுக்கிய முட்டை போல வரிசையாக நின்றன. இருபது. இடைவெளியில் மணலும் இல்லை, இரும்பும் இல்லை.

"ஒண்ணு ரெண்டாயிரத்து ஐநூறு. இருபதுக்கு அம்பதாயிரம்" என்றாள் சைராகுல்.

"பள்ளிக்கூடம் போயிருக்கே போலிருக்கு. இப்ப முக்கியமானதைக் கேளு. எத்தனை இருக்குங்கறது மட்டும் போதாது. உன் மெஷின் கேக்கற மாதிரி கொடுக்குதான்னு பாக்கணும். உன்னோடதுக்குப் பன்னெண்டு வோல்ட்டு வேணும். பாதிக் கட்டைங்க அஞ்சுக்கு மேல தராது. மாட்டிப் பாரு."

மாட்டினாள். மெஷின் ஒரு தடவை 'பீப்' என்றது. திரை சாம்பல் வெளிச்சத்தோடு விழித்துக்கொண்டது. சைராகுல் கருவியைத் தன் முன்கையிலேயே வைத்துப் பார்த்தாள். தசையும் எலும்பும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு மணி நேரம் அப்படியே ஓடட்டும் என்று கேட்டபோது கதீசா மறுக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, விதைப் பொட்டலத்தை நடுவில் வைத்தாள்.

புறப்படும்போது விலையைக் குறைக்கக் கேட்க சைராகுலுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் திட்டு வாங்கியிருப்பாள். கதீசா ஒன்று மட்டும் சொன்னாள்: "குளிர் பட்டா இது சோம்பேறி ஆயிடும். கைக்குழந்தை மாதிரி ஒடம்போட வச்சுக்கோ."

வீட்டில் அவள் கணவன் ரிஸ்பெக் அந்தச் சாம்பல் கட்டையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா அவ்வளவு தூரம் போனே? சுவத்துக்குச் செங்கல்னா நான் இங்கயே தந்திருப்பேனே" என்றான். மறுநாள் காலை சைராகுல் மெஷினை அதில் மாட்டி, சமையலறை மேசையில் ஓடவிட்டு, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்தாள். சமைத்தாள், துவைத்தாள், பக்கத்துத் தெருவில் ஒரு கன்றுக்கு ஊசி போட்டுவிட்டு வந்தாள். திரை எரிந்துகொண்டே இருந்தது. ரிஸ்பெக் வேலைக்குப் போய்த் திரும்பியும் எரிந்தது. அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகாமல் தானும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். பவர் பேங்க் ஓய்ந்தபோது பதின்மூன்று மணி நேரமும் பத்து நிமிஷமும் ஆகியிருந்தது.

"செங்கல் இல்ல, குதிரை" என்றான்.

ஜனவரி இரண்டாம் வாரம் மாம்பெத்தலியின் கிடைக்குப் போக வண்டி பாதி வழிதான் உதவியது. கடைசிப் பதினோரு கிலோமீட்டர் பனி முழங்கால் உயரம். ரிஸ்பெக் வண்டியோடு திரும்பிவிட்டான். மாம்பெத்தலியின் பக்கத்துக் கிடைக்காரர் ஷெய்ஷென் குதிரை கொண்டுவந்திருந்தார். மெஷின் பெட்டியை வாங்கிச் சேணத்தில் கட்டியவர், "முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணத் தெரியும் எனக்கு. அதுக்கு மேல வேணும்னா வேற ஆளைக் கூப்பிடணும்" என்றார்.

"இந்தத் தடவை கை வெரலு பத்தாது, கால் வெரலையும் சேத்துக்கங்க அண்ணே" என்றாள் சைராகுல்.

கிடையில் நானூற்றுப் பன்னிரண்டு பெட்டை ஆடுகள். புல் இருந்ததோ முந்நூற்று நாற்பதுக்கு மட்டும். மாம்பெத்தலிக்கு அறுபது வயது. போன வருஷம் கேலி செய்த மனிதர் இந்த வருஷம் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவளைக் கூப்பிட்டதே அவர் மனைவி அனார்கான்தான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

அனார்கான் அவளுக்குப் பால் தேநீரும் சுடச்சுடப் பொரித்த பொர்சோக் மாவுத் துண்டுகளும் கொடுத்தாள். சைராகுல் சாப்பிட்டுவிட்டு, பவர் பேங்க்கைக் கம்பளிச் சால்வையில் சுற்றித் தன் வயிற்றோடு கட்டிக்கொண்டாள். அதன்மேல் கோட்டைப் போட்டு, வயரை மட்டும் சட்டைக்கை வழியாக வெளியே எடுத்தாள்.

"ஏ சைரா, நீயும் சினையா?" என்றாள் அனார்கான் அந்த மேட்டைத் தட்டிப் பார்த்து. "மொதல்ல உன்னைத்தான் ஸ்கேன் பண்ணணும் போலிருக்கே!"

"இரட்டைக்குட்டி அண்ணி. ரெண்டு நாளு தீனி இதுக்குள்ளதான் இருக்கு."

வெளியே மைனஸ் இருபத்தெட்டு. பட்டியின் ஒரு மூலையில் பலகை கட்டி, ஆடு ஒவ்வொன்றாக வருகிற மாதிரி சந்து அமைத்திருந்தார்கள். ஷெய்ஷெனும் மாம்பெத்தலியும் பிடிக்க, அனார்கான் சாயம் தடவ நின்றாள். சினை இல்லாததற்கு முதுகில் சிவப்பு. இரட்டைக்கு நீலம். ஒற்றைக்கு ஒன்றும் வேண்டாம்.

சைராகுலின் கை இப்போது பழகியிருந்தது. அழுத்தினாள், பார்த்தாள், சொன்னாள். "ஒண்ணு." "ஒண்ணு." "ரெண்டு, நீலம் போடுங்க." "காலி." முப்பதைத் தாண்டியதும் ஷெய்ஷென் எண்ணுவது மட்டும் கேட்டது. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். சைராகுல் யாரையும் பார்க்கவில்லை. வயிற்றோடு கட்டியிருந்த கட்டையின் வெதுவெதுப்பு அவளுக்குத் தெரிந்தது.

"என்ன நிக்கிறீங்க? அடுத்ததை விடுங்க" என்றாள்.

முப்பத்தொன்பது வந்தது. ஒற்றைக்குட்டி. திரையில் அதன் இதயம் அவரை விதை அளவுக்குப் படபடத்தது. ஷெய்ஷென் ஆட்டை விட்டுவிட்டு, "நாப்பது" என்று தானே சத்தமாகக் கூவி அடுத்ததை இழுத்தார்.

சிக்கல் ஐம்பத்திரண்டில் வந்தது. பானை மாதிரி வயிறு உள்ள கொழுத்த ஆடு. சைராகுல் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "காலி, சிவப்பு" என்றாள். மாம்பெத்தலி சாயத் தூரிகையைத் தடுத்தார்.

"நாப்பது வருஷமா ஆடு மேய்க்கிறவன் நான். இந்த வயித்தைப் போயி காலிங்கற. சும்மா வெளக்கு எரிஞ்சா போதுமா? அது சொல்றது நெசம்னு எவன் கண்டான்?"

"அறுத்துப் பாருங்க."

"உள்ள குட்டி இருந்தா?"

"இருந்தா ஆத்துப் பனியில ஓட்டை போட்டு இந்த மெஷினைப் போட்டுட்டு, நடந்தே ஊருக்குப் போறேன்."

மாம்பெத்தலி அவளையே பார்த்தார். எப்படியும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஓர் ஆடு அறுக்க வேண்டியதுதான். பிஸ்மில்லா சொல்லிக் கத்தியை எடுத்தார். தோலை உரித்து, குடலை வெளியே எடுத்தபின் அனார்கான் கருப்பையைத் தனியாகப் பிரித்துப் பனிமேல் வைத்தாள். அது வெறுமையாக, சுருங்கிய தோல்பை போலக் கிடந்தது. வயிறு பெருத்திருந்ததெல்லாம் கொழுப்பும் தீனியும்.

"சாப்பாட்டுராணி! நம்ம புல்லையெல்லாம் இவதான் தின்னிருக்கா" என்றாள் அனார்கான்.

மாம்பெத்தலி தொப்பியைக் கழற்றி, மண்டையைச் சொறிந்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பட்டிப் பக்கம் திரும்பி, "ஷெய்ஷென், என்ன வேடிக்கை? புடிய்யா அடுத்ததை!" என்று அதட்டினார். அதற்கப்புறம் அவர் ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் இருநூற்று மூன்று ஆடுகள் முடிந்தன. பவர் பேங்க்கில் நான்கு புள்ளிகளில் இரண்டு எரிந்தன.

தேநீர் குடிக்கும்போதுதான் சைராகுல் கவனித்தாள். மாம்பெத்தலி ஓர் அணைந்துபோன கைபேசியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். கண் அடிக்கடி அவள் வயிற்றுக்கட்டின் பக்கம் போய் வந்தது.

அனார்கான்தான் சொன்னாள். "பொண்ணுக்கு மாஸ்கோவில நாளு நெருங்கிடுச்சு. மொதப் பிரசவம். கூரைமேல இருந்த சூரியத்தகடு பனி விழுந்து ஒடைஞ்சு ஆறு நாளாச்சு. ரெண்டு போனும் செத்துக் கெடக்குது. மேட்டுமேல போனா சிக்னல் வரும், போன்ல உசுரு இருந்தா."

"சும்மா இரு" என்றார் மாம்பெத்தலி. "அது ஆட்டுக்காகக் கொண்டுவந்தது. போன வருஷம் பட்டது போதாதா?"

சைராகுல் குறிப்பேட்டைத் திறந்தாள். மொத்தம் பதின்மூன்று மணி நேரம். ஆறு போய்விட்டது. நாளைக்கு இருநூற்றொன்பது ஆடு. ஆறு மணி நேரமும் கொஞ்சமும். மெஷின் ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடக்கூடிய மின்சாரத்தைக் கைபேசி குடித்துவிடும். பற்றாக்குறைதான். ஆனால் மெஷினின் சொந்த பேட்டரியை அவள் இன்னும் தொடவே இல்லை. அது ஒரு மணி நேரம் தாங்கும், தாங்க வேண்டும். பென்சிலைக் கடித்துக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். போன வருஷம் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் வந்தாள். இந்த வருஷம் அவளுக்கு ஒவ்வொரு வாட்டும் தெரியும். தெரிந்ததனால் கொடுக்க முடிந்தது.

"போனைக் கொடுங்க அண்ணே" என்று கையை நீட்டினாள்.

விடிந்ததும் மாம்பெத்தலி மேட்டுக்குக் குதிரை ஏறினார். அவர் இடத்தில் அனார்கான் ஆட்டைப் பிடித்தாள். பிடியில் கணவனைவிடக் கெட்டி. பதினொன்றரை மணிக்கு, முந்நூறாவது ஆட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மேட்டிலிருந்து ஓர் உருவம் பனியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்தது. பாதி தூரத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"பேத்தி! மூணரைக் கிலோ! அழுவுறது இங்க வரைக்கும் கேட்டுச்சு!"

அனார்கான் பிடித்திருந்த ஆட்டை அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள். ஆடு திகைத்து நின்றது. ஷெய்ஷென் தொப்பியை வானத்தில் எறிந்தார்.

"பொண்ணுகிட்ட மட்டும் பேசல" என்றார் மாம்பெத்தலி, மூச்சு வாங்க இறங்கியபடி. "சமவெளியில யார் யார் நம்பர் இருக்கோ எல்லாருக்கும் போட்டேன். ரெண்டு சேதியும் சொல்லிட்டேன்."

"ரெண்டாவது என்ன சேதி?" என்றாள் சைராகுல்.

அவர் வெட்கப்பட்டவர் போலக் குதிரையின் வாரை அவிழ்த்தார். "நேத்து எரநூத்தி மூணுன்னு சொன்னேன். வேறென்ன."

முந்நூற்று எண்பத்தாறில் பவர் பேங்க்கின் கடைசிப் புள்ளி அணைந்தது. திரை ஒரு கணம் மங்கியது. மாம்பெத்தலி கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் 'பீப்' என்று தன் சொந்த பேட்டரிக்கு மாறி, மறுபடி வெளிச்சமானது.

"இருபத்தாறுதான் பாக்கி. ஓடுங்க!" என்று கத்தினாள் சைராகுல்.

அதுவரை யாரும் அப்படி வேலை செய்திருக்க மாட்டார்கள். ஆடுகள் பறந்து வந்தன, பறந்து போயின. "ஒண்ணு! ஒண்ணு! சிவப்பு! ரெண்டு!" அனார்கானின் கையுறை, கன்னம், முக்காடு எல்லாம் நீலமும் சிவப்புமாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டாவது ஆடு ஒற்றைக்கொம்பு வைத்த கிழட்டு ஆடு. வயதான காலத்தில் இரட்டைக்குட்டி சுமந்து நின்றது. நீலப் பட்டை போட்டுப் பட்டிக்குள் விட்டார்கள். மெஷினில் இன்னும் பாதி பேட்டரி மிச்சமிருந்தது.

அறுத்த ஆட்டையும் சேர்த்து எழுபத்து நான்கு காலி. நாற்பத்து மூன்று இரட்டை. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றைந்தும் ஒற்றை. சிவப்புப் போட்டவற்றை ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு ஓட்டினால், கிடையில் நிற்கப் போவது முந்நூற்று முப்பத்தெட்டு ஆடுகள். புல் இருப்பது முந்நூற்று நாற்பதுக்கு. மாம்பெத்தலி அதை விரலால் பனியில் எழுதிப் பார்த்தார். அழித்துவிட்டு இன்னொரு தடவை எழுதினார். பிறகு எழுந்து, நீலப் பட்டை ஆடுகளைத் தனிப் பட்டிக்கு ஓட்டிப் போய், தன் கையாலேயே இரட்டைப் பங்கு புல்லை அள்ளிப் போட்டார்.

அன்றைக்குச் சாப்பாடு பொழுதிருக்கவே தயாரானது. சைராகுலை அடுப்புக்கு எதிரே, வாசலைப் பார்த்த மேலிடத்தில் உட்கார வைத்தார்கள். அவித்த ஆட்டுத் தலையைத் தட்டில் வைத்து மாம்பெத்தலி எடுத்து வந்தார். வந்திருப்பவர்களில் பெரிய ஆண் விருந்தாளிக்குப் போக வேண்டியது அது. ஷெய்ஷென் வழக்கப்படி முதுகை நிமிர்த்திக்கொண்டார். தட்டு அவரைத் தாண்டிப் போய் சைராகுல் முன்னால் இறங்கியது.

"அண்ணே, இது எனக்கு..." என்று அவள் தயங்கினாள்.

"நீ வெட்டிக் கொடு தங்கச்சி, நாங்க வாங்கிக்கறோம்" என்றார் மாம்பெத்தலி.

அவள் ஒரு காதை அறுத்து அனார்கானுக்குக் கொடுத்தாள். மற்றதை மாம்பெத்தலியிடம், "மாஸ்கோவில இருக்கிறவளுக்காக நீங்க சாப்பிடுங்க" என்று நீட்டினாள். ஷெய்ஷென் சிரித்துக்கொண்டே கையைக் குவித்தார். அவருக்குக் கன்னத்துச் சதை கிடைத்தது.

நாய்கள் குரைத்தன. கதவைத் திறந்தால் வாசலில் ஐந்து குதிரைகள். ஐந்து கிடைக்காரர்கள், மீசையெல்லாம் பனி உறைந்து, மூட்டையாகப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். உள்ளே வந்து உட்காரும் முன்பே முதல் ஆள் ஆரம்பித்துவிட்டார்.

"என் கிடையில ஐநூறு இருக்கு. நாளைக்கே வரணும்."

"என்னோடது பக்கம். மொதல்ல அங்க வந்துட்டு அப்புறம் உன்னோடது."

"மாம்பெத்தலி எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணாரு!"

சைராகுல் கையைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டைப் புதுப் பக்கத்தில் திறந்தாள். "நாளைக்கு நடக்காது. இது வயிறு நெறையக் கரண்டு குடிக்க ஒரு முழு நாளாவது ஆகும். திங்கக்கிழமையிலருந்து வரேன். மொதல்ல யாருன்னு நீங்க சண்டை போட வேணாம், நான் சொல்றேன்." பென்சிலை நாக்கில் தொட்டாள். "பொய் சொல்லாம சொல்லுங்க. யார்கிட்டப் புல்லு ரொம்பக் கம்மி?"

ஐவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவோரம் நின்ற ஆள், உதடு காய்ந்து வெடித்தவர், மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"என்கிட்ட இன்னும் பதினெட்டு நாளுக்குத்தான் இருக்கும்மா."

"பேரு?"

அவர் சொன்னார். சைராகுல் அதை முதல் வரியில் எழுதிவிட்டு, தட்டிலிருந்து ஒரு நல்ல துண்டை எடுத்து அவர் கையில் வைத்து, தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.